பதினெட்டு வருஷம் கழித்து வந்த புருஷன்

ஆர்.எஸ்.புரத்தில், டி.பி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், காய்ச்சலிலிருந்து கால் ஆணி வரைக்கும் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருந்தார். டாக்டரைப் பார்ப்பது பெரிய காரியமில்லை. வாசலில் இரும்பு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் மாசாணியம்மாளைத் தாண்டுவதுதான் காரியம். அவளிடம் நீல பிளாஸ்டிக் டோக்கன்கள் அறுபது இருந்தன. ஒன்பதாம் நம்பர் எட்டாம் நம்பருக்கு முன்னால் உள்ளே போனதாக அந்தச் சந்தில் சரித்திரம் கிடையாது. டாக்டர் தனக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பாள். "அப்பிடீங்களா? அப்ப ஊட்லயே பாத்துக்கலாமுங்களே" என்பாள். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. டோக்கன்தான் கிடைக்காது.

இந்தச் சந்தேக புத்தி அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல, வால்பாறையில் படித்தது. அங்கே ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் சீட்டுக் கொடுத்தாள். ஆடி மழையில் இலை பறிக்கப் போக மனமில்லாதவர்கள் அக்குளில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு காய்ச்சலோடு வருவார்கள். எது வெங்காயத்தின் காய்ச்சல், எது மனிதனின் சொந்தக் காய்ச்சல் என்பது தெர்மாமீட்டருக்கு முன்பே மாசாணியம்மாளுக்குத் தெரிந்துவிடும். அந்த எஸ்டேட் டாக்டர் மலையிறங்கி ஆர்.எஸ்.புரத்தில் தனியாகத் தொழில் தொடங்கியபோது, ஸ்டெதஸ்கோப்பையும் மாசாணியம்மாளையும் மட்டும்தான் கூடக் கொண்டுவந்தார். அது நடந்து பதினொரு வருஷம் ஆகிவிட்டது.

இந்தப் பதினொரு வருஷத்தில் அவள் செய்த ஒரே ஆடம்பரம், வடவள்ளியில் இரண்டரை சென்ட் வாங்கி இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் கட்டியதுதான். செங்கல் இறங்கும்போது லாரி மேலேயே ஏறி நின்று எண்ணினாள். கொத்தனார் சிமென்ட் கலக்கும்போது பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அந்த வீடு அவளுக்குப் பிறகு கோகிலாமணிக்கு. கோகிலாமணி அவளுடைய அண்ணன் மகள். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு ஆறு வயதிலிருந்து அத்தையிடம் வளர்கிறாள், இப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். வீடு அவளுக்குத்தான் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியம் இருப்பதாக மாசாணியம்மாளுக்குத் தோன்றவும் இல்லை. அவளுக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்?

யார் இருக்கிறார் என்பது தொண்ணூற்றாறாம் வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தெரிந்தது. டோக்கன் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

வரிசை நகர்ந்து அவர் மேஜைக்கு எதிரே வந்தார். மாசாணியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு நோட்டைப் பார்த்தாள்.

"பேருங்?"

"அங்கப்பனுங்."

"வயசு?"

"அம்பத்தாறு."

எழுதிக்கொண்டாள். "என்ன தொந்தரவுங்?"

ஆறு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளிடம் என்ன தொந்தரவு என்று சொல்வது? அங்கப்பன் செருப்பைப் பார்த்தார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாக முனகினார். டாக்டர் சும்மா பார்க்கமாட்டார் என்று சொல்லி இருபத்து மூன்றாம் நம்பரைக் கொடுத்து உட்காரச் சொன்னாள். அவரும் சொன்னபடி உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் கழித்து இருபத்து மூன்று என்று கூப்பிட்டபோது எழுந்து வந்து, ஒரு பை கொய்யாப்பழத்தை மேஜை மேல் வைத்தார். "வெச்சுக்க அம்மணி" என்றார். போய்விட்டார். டோக்கனைத் திருப்பித் தரவில்லை. அன்று பெட்டியை மூடும்போது மாசாணியம்மாளின் வாழ்க்கையில் முதல் தடவையாக ஐம்பத்தொன்பது டோக்கன்தான் இருந்தது.

கொய்யாப்பழத்தைக் கோகிலாமணி சாப்பிட்டாள். மாசாணியம்மாள் தொடவில்லை.

"மனசு மாறித்தான் வந்துருக்காராட்ட அத்தை" என்றாள் கோகிலாமணி, இரண்டாவது பழத்தை எடுத்துக்கொண்டே.

"மாறறதுக்குப் பதினெட்டு வருசமா கண்ணு? பழம் வாங்கிட்டு வாரான்னா எங்கியோ கையெழுத்து வேணும்னு அர்த்தம்."

மாசாணியம்மாளைக் கையெழுத்து விஷயத்தில் ஏமாற்ற முடியாது. ஏனென்றால் அவள் ஒரு பெரிய கையெழுத்தை ஏற்கெனவே போட்டு முடித்திருந்தாள். எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம், அவிநாசியில், அங்கப்பனின் பெரியப்பா வைத்திருந்த அரிசி மண்டியில். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தையில்லை. அங்கப்பனின் தாயார் அதைத் தினமும் ஒரு தடவை சொல்லுவார், அங்கப்பன் தினமும் ஒரு தடவை கேட்டுக்கொள்வார். கடைசியில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று பெரிய மனிதர்கள் அரிசி மூட்டைகளுக்கு நடுவே கூடித் தீர்வு பேசினார்கள். பத்திரம் எழுதுகிறவர் ஸ்டாம்ப் பேப்பரில் அழகாக எழுதினார்: இனி ஒருவர் மேல் ஒருவருக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை, அவரவர் இஷ்டப்படி வேறு விவாகம் செய்துகொள்ளத் தடையில்லை. அவள் தாலியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு சாப்பாடு. கல்யாணத்தன்று போடாத பால் பாயசத்தைத் தீர்வன்று போட்டார்கள் என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

ஸ்டாம்ப் பேப்பருக்கு இந்தப் பக்கத்தில் இருக்கிற மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. காடு விற்கவும், பொதுக் கிணற்றில் தண்ணீர் முறை பிரிக்கவும், வரப்புத் தகராறு முடிக்கவும் அது போதுமென்றால், பெண்டாட்டியைத் தீர்க்க மட்டும் போதாதா? கோர்ட் என்று ஒரு கட்டடம் கோயமுத்தூரில் இருப்பது அந்த ஆறு பெரிய மனிதர்களுக்கும் தெரியும். அது கொலைகாரர்களுக்காகக் கட்டியது என்று நினைத்திருந்தார்கள்.

அடுத்த வருஷமே அங்கப்பன் சாமியாத்தாள் என்பவளுக்கு ஒரு கோயிலில் தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு போனார் என்று மாசாணியம்மாள் கேள்விப்பட்டாள். கேட்டது வால்பாறை பஸ்ஸில். பதினைந்தாவது வளைவில் சொன்னார்கள். இருபதாவது வளைவுக்குள் மறந்துவிட்டதாக அவளே சொல்லிக்கொள்வாள்.

அங்கப்பன் அடுத்த வியாழனும் வந்தார், மிக்ஸர் பொட்டலத்தோடு. அதற்கடுத்த வியாழன் ஒரு சீப்பு நேந்திரம்பழம். மூன்று தடவையும் எதற்கு வந்தார் என்று சொல்லவில்லை. மாசாணியம்மாளின் சந்தேகமோ வாரத்துக்கு ஒன்றாக வளர்ந்தது. கடன் கேட்பாரோ? சாமியாத்தாள் விட்டுவிட்டுப் போய்விட்டாளோ, சோறாக்க ஆள் தேடுகிறாரோ? வடவள்ளியில் சென்ட் என்ன விலை போகிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தவராக இருப்பாரோ? இந்தக் கடைசிச் சந்தேகம் வந்த அன்று நேந்திரம்பழத்தைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டுவிட்டாள்.

நாலாவது வாரம் அவர் வாயைத் திறந்தார். அவர் வேலை பார்க்கிற பஞ்சு மில்லில் புதிதாகப் பென்ஷன் வந்திருக்கிறதாம். ரிட்டயர் ஆன பிறகு மாசாமாசம் அவருக்கு, அவர் காலத்துக்குப் பிறகு சம்சாரத்துக்கு. அதற்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்த மாதிரி ஒரு போட்டோ ஆபீசில் கேட்கிறார்களாம். மில் ரிஜிஸ்தரில் சம்சாரம் என்ற இடத்தில் எழுபத்து மூன்றாம் வருஷம் எழுதிய பெயர் அப்படியே இருக்கிறதாம்.

"என்ன பேருங்?"

"உன்ற பேருதான் அம்மணி."

தீர்வுப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டினாராம். ஆபீசர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பஜ்ஜி மடிக்க ஆகும், கோர்ட் தீர்ப்பு இருந்தால் கொண்டுவா என்று சொல்லிவிட்டாராம். அதனால் மாசாணியம்மாள் சித்த நேரம் கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஸ்டுடியோ வரைக்கும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். "ஒரே ஒரு போட்டோ. வேற ஒண்ணுமில்லீங்" என்றார். ஆறு வருஷத்தில் அவளிடம் ஒரு தடவைகூட 'ங்' போடாத மனிதர்.

வேறு ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் வேறு என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது மாசாணியம்மாளின் உத்தியோகம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள்.

வக்கீல் பாலகோபால் நாயுடு சர்க்கரை வியாதிக்கு மாதம் ஒருமுறை அங்கே வருகிறவர். வந்தால் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த மாதம் அவருடைய நம்பர் முப்பத்தொன்று. மாசாணியம்மாள் அவரைக் கூப்பிட்டு நாலாம் நம்பரைக் கையில் கொடுத்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பதினொரு வருஷத்துச் சரித்திரம் அவர்கள் கண் முன்னால் முடிந்தது. உள்ளே போய் வந்த வக்கீலை மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

பாலகோபால் கடியாரத்தை மறந்து கேட்டார். "ஏம்மா, பாயசம் ஊத்துனா டைவர்ஸ் ஆயிருமா?" என்றார்.

உங்கள் பக்கத்தில் இப்படித் தீர்த்துவிடுகிற வழக்கம் காலங்காலமாக உண்டு என்று கோர்ட்டில் நிரூபித்தால் ஒருவேளை செல்லும், அன்றைக்கு உட்கார்ந்த ஆறு பேரில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். ஒருத்தர் இருக்கிறார், அவருக்குக் காது கேட்காது என்றாள். அப்படியானால் நீ இன்றைக்கும் அங்கப்பனுடைய சம்சாரம்தான் என்றார் வக்கீல். சாமியாத்தாள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டாலும் சட்டத்துக்கு அவளைத் தெரியாது. அங்கப்பன் போனால் பென்ஷன் மாசாணியம்மாளுக்கு. வேண்டுமானால் இப்போதே ஜீவனாம்சம் கேட்டு ஒரு மனுப் போடலாம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டோக்கனுக்கு முன்பக்கம் இருந்தால் பின்பக்கமும் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"சரிங், அவரு போனா எனக்கு. நான் போனா?"

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்குக் குழந்தையில்லை. ஊடு நீயா சம்பாரிச்சு வாங்குனது. உயில் எழுதாமப் போனீன்னா புருஷனுக்குப் போகும்."

"எந்தப் புருஷனுக்குங்?"

"எத்தனை பேரம்மா இருக்காங்க உனக்கு?"

லாரி மேல் நின்று எண்ணிய செங்கல் ஒவ்வொன்றும் அங்கப்பன் பெயருக்கு நடந்து போவது தெரிந்தது. கோகிலாமணி எங்கே வருவாள் என்று கேட்டாள். அண்ணன் மகள் வரிசையில் அறுபதாம் டோக்கன் என்று வைத்துக்கொள், உன் புருஷன் வழி ஆட்கள் எல்லாம் அவளுக்கு முன்னால் உள்ளே போய்விடுவார்கள் என்றார் பாலகோபால். இந்த ஒரு விளக்கத்தில் சட்டம் முழுவதும் மாசாணியம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

ஓர் உயில் எழுதிவிட்டால் போதும் என்று அவர் தைரியம் சொன்னார். உயிலின் மேல் யாரும் கேஸ் போட முடியாதா என்று கேட்டாள். யார் வேண்டுமானாலும் போடலாம், ஜெயிப்பது வேறு விஷயம் என்றார். ஸ்டாம்ப் பேப்பரை நம்பிப் பதினெட்டு வருஷம் மோசம் போனவளுக்கு இது போதவில்லை. அங்கப்பன் போட்டோ கேட்பது வீட்டுக்குத்தான், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினாள்.

அந்த முடிவு சரியாக ஐந்து நாள் இருந்தது. ஆறாம் நாள் காதோரம் நரைத்த, ஒல்லியான ஒரு பெண் வரிசையில் வந்து, மேஜை மேல் எதையோ வைத்தாள். நீல பிளாஸ்டிக், இருபத்து மூன்றாம் நம்பர். தொலைந்தது கிடைத்துவிட்டதே என்ற நிம்மதிதான் மாசாணியம்மாளுக்கு முதலில் வந்தது. இது எப்படி இவளிடம் வந்தது என்பது அப்புறம்தான்.

"என்ற ஊட்டுக்காரரு சட்டைப்பையில கெடந்துதுங். தொவைக்கறப்ப எடுத்தேன். நீங்கதான் மாசாணியக்காங்களா?"

சாமியாத்தாளைப் பெஞ்சில் உட்கார வைத்து, கூட்டம் குறைந்த பிறகு பேசினார்கள். வியாழக்கிழமை வியாழக்கிழமை அங்கப்பன் எங்கே போகிறார் என்று சாமியாத்தாளுக்குத் தெரியும். விடுதலைக்குக் கையெழுத்து வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தார். கோர்ட்டில் முறையாகத் தீர்த்துவிட்டு அவளையே ரிஜிஸ்தர் கல்யாணம் செய்து மில்லில் பெயரை மாற்றப் போகிறாராம். கையெழுத்து வாங்க இத்தனை வியாழக்கிழமை எதற்கு என்று அவளுக்குச் சந்தேகம். அதுதான் நேரில் வந்துவிட்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களாக்கா?"

"கையெழுத்தா? என்னைப் போட்டோ எடுக்கத்தானே கூப்புட்டாரு."

"யாரு கூடங்?"

"அவரு கூடத்தான்."

சாமியாத்தாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள். அங்கப்பன் கெட்டவரல்ல. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும். கோர்ட்டுக்கு நடப்பதைவிட ஸ்டுடியோவுக்கு நடப்பது பக்கம் என்று கணக்குப் போட்டிருந்தார், அவ்வளவுதான். அவர் உயிரோடு இருக்கும்வரை பென்ஷன் அவர் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு சாமியாத்தாள் தெருவில் நிற்பது அவர் பார்க்கப் போகிற காட்சியல்ல.

"பதினேழு வருசம் சோறாக்கிப் போட்டிருக்கறனுங்க்கா. அவிய அம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப நாந்தான் எல்லாம். போட்டோவுல மட்டும் நா வேண்டாமாமா?"

மாசாணியம்மாள் ஒரு கேள்வி கேட்டாள். குழந்தைகள் எத்தனை? ஒன்றுமில்லை என்றாள் சாமியாத்தாள். மாமியார் அவளையும் அதே பேச்சுத்தான் பேசினாராம், சாகும்வரை. மாசாணியம்மாளுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் எழும்பியது. ஆறு வருஷம் கேட்ட பேச்சுக்கு இத்தனை நாள் கழித்துப் பதில் கிடைத்த சந்தோஷம். எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷத்தின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த வியாழன் அங்கப்பன் சந்தின் முனையில் திரும்பும்போது, இரும்பு மேஜைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். வந்த வழியே திரும்பப் பார்த்தார். சாமியாத்தாள் பேர் சொல்லாமல் "ஏனுங்" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். நின்றுவிட்டார்.

"போட்டோவுக்கு வரமாட்டனுங். கோர்ட்டுக்கு வாரேன்" என்றாள் மாசாணியம்மாள்.

"கோர்ட்டெல்லாம் எதுக்கு அம்மணி, பெரிய மனுசங்க பேசி முடிச்சதை?"

"அவியெல்லாம் அன்னிக்கே சாப்புட்டுப் போயிட்டாங்க. பேரு மட்டும் ரிஜிஸ்தர்ல ஒக்காந்துட்டிருக்குது."

இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிகிற மனுவைப் பாலகோபால் தயார் செய்தார். கையெழுத்து வாங்குமுன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார். இதில் கையெழுத்துப் போட்டால் வீடு தப்பிக்கும், அங்கப்பனுக்கு அதில் ஒட்டும் இருக்காது உறவும் இருக்காது. ஆனால் பென்ஷனும் போய்விடும். உயில் மட்டும் எழுதி இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே, எதற்கு விட்டுத் தருகிறாய்?

"அவரு எப்பப் போவாருன்னு காத்துட்டு ஒக்கார்ற பொழப்பு எனக்கு வேண்டாமுங்" என்றாள்.

டாக்டரும் கம்பவுண்டரும் இதைக் கேட்டு அவளுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். மனசு எவ்வளவு பெரியது என்பது அளந்து பார்க்காத விஷயம். உயிலை அவள் நம்பவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கோர்ட்டில் எத்தனை வருஷமாகப் பிரிந்திருக்கிறீர்கள் என்று ஜட்ஜ் கேட்டார். பதினெட்டு என்றார்கள். அவசரப்பட வேண்டாம், ஆறு மாதம் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். சட்டம் அப்படித்தானாம்.

அந்த ஆறு மாதம் போல மாசாணியம்மாள் எந்தக் காலத்திலும் பயந்ததில்லை. இந்த இடைவெளியில் அவளுக்கு ஏதாவது ஆனால் வீடு அங்கப்பனுக்கு. நம்பாத உயிலையும் அதனால் எழுதிப் பதிந்தாள். ரோட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் இரண்டு தடவை பார்த்தாள். அங்கப்பனுக்கு ஏதாவது ஆனாலோ அவள் விதவை, சாமியாத்தாள் யாருமில்லை. அவருக்கோ பஞ்சுத் தூசியில் பல வருஷத்து இருமல், மில் சத்தத்தில் ஒரு பக்கத்துக் காதும் போயிருந்தது. எனவே வியாழக்கிழமைகளில் அங்கப்பன் முறையாக டோக்கன் வாங்கி, முறையாக உட்கார்ந்து, டாக்டரிடம் நெஞ்சைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று. மாத்திரையை முழுங்குகிறாரா, ஜன்னல் வழியாக வீசுகிறாரா என்று பார்ப்பது சாமியாத்தாள் பொறுப்பு. பீடியை விட்டார். இருமல் குறைந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு பெண்டாட்டிகளும் தன் மேல் இத்தனை அக்கறையாக இருப்பதாக மில்லில் சொல்லிக்கொண்டாராம்.

தொண்ணூற்றேழு பங்குனியில் மறுபடி கூப்பிட்டார்கள். மனசில் மாற்றம் உண்டா என்று ஜட்ஜ் கேட்டதற்கு மாசாணியம்மாள் உடனே இல்லை என்றாள். அங்கப்பன் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தார். யோசனையா, தொண்டைச் சளியா என்று தெரியவில்லை. மாசாணியம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். இல்லீங் என்றார். தீர்ப்பின் நகல் வந்ததும் கோகிலாமணியை இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். சீல் எங்கே என்று கேட்டு, அதைத் தடவிப் பார்த்தாள்.

வீடு தப்பியது. காரியம் முடிந்தது என்று எவரும் நினைப்பார்கள். அப்பீல் நாள் எல்லாம் கழிந்து, ஆனியில் ஒரு நாள் சாமியாத்தாள் வந்தாள். அடுத்த புதன்கிழமை கோயிலில் மாலை மாற்றி, கையோடு ரிஜிஸ்தர் ஆபீசில் பதிகிறார்களாம். சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் ஆள் குறைகிறதாம். கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்றாள்.

கோகிலாமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பழைய புருசன் கல்யாணத்துக்குச் சாட்சியா போறியா அத்தை?"

"போகாம? அந்த மனுசன் நெசமாலுமே கையெழுத்துப் போடறாரான்னு வேற யாரு பாக்கறது?"

அரை நாள் லீவு போட்டாள். ரிஜிஸ்தர் ஆபீசில் அங்கப்பன் புது வேட்டியில் வந்திருந்தார். பேனாவை வாங்கிக்கொண்டு, எங்கே போட வேண்டும் என்று கேட்டு, ரோட்டில் போகிற லாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாசாணியம்மாள் மேஜைக்கு இன்னும் ஓர் அடி நெருங்கி நின்றாள். அவர் போட்டார். சாமியாத்தாள் எழுத்துக் கூட்டி நிதானமாகப் போட்டாள். சாட்சிகள் போட்டார்கள்.

இது போதுமா, இதற்கு மேல் கோர்ட்டு, பெரிய மனிதர்கள், வேறு எங்காவது போக வேண்டியதுண்டா என்று மாசாணியம்மாள் குமாஸ்தாவை விசாரித்தாள். ஒன்றும் வேண்டாம் என்றார் அவர். நாளைக்கு இது செல்லாது என்று எவராவது சொன்னால்? செல்லும்மா என்றார். எழுதியே கொடுப்பீர்களா என்றாள். அவர் சர்டிபிகேட்டைக் காட்டி, இதுதான் அம்மா அந்த எழுத்து என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

ரிஜிஸ்தரில் மை காயும்வரை நின்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாமியாத்தாளின் பக்கம் திரும்பினாள்.

"இனி உன்ற பாடு அம்மணி. போட்டோவுல அவருக்கு இந்தப் பக்கமா ஒக்காரு, காது கேக்கற பக்கம். நானு வாரேன்."